ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு: திருப்பணிக் குழுவினருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பணிக் குழு அமைந்ததும் எழும் முதல் பேச்சு தேதியைப் பற்றியும் செலவைப் பற்றியுமே இருக்கும். அவ்விரண்டுக்கும் முன்பாகக் குழுவினர் தமக்குள் பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடமுழுக்கு நடந்து, பந்தலைப் பிரித்த பிறகு, நாள்தோறும் காலையில் கோயிலைத் திறந்து விளக்கேற்றி நைவேத்தியம் படைக்கப் போவது யார்? அவருக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுக்கப் போவது யார்? ஒரு கல்லைப் புனிதமாக்குவது என்றால், அதை மற்றக் கற்களிலிருந்து பிரித்தெடுத்து, இனி இதற்கு இடைவிடாமல் பணிவிடை செய்வோம் என்று ஊர் கூடி வாக்குக் கொடுப்பது என்பதே என் புரிதல். மந்திரமும் தீர்த்தமும் அக்கினியும் அந்த வாக்குக்கு உருவம் கொடுக்கின்றன. ஆகவே ஒருகாலப் பூசைக்காவது நிலையான வருவாயை வங்கி வைப்புத் தொகையாகவோ கட்டளையாகவோ ஏற்பாடு செய்த பின்னரே நாள் பார்க்கச் செல்லுங்கள். ராஜகோபுரத்துக்கு வண்ணம் பூசப் பணம் திரட்டிவிட்டு, விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் கோயிலைப் பூட்டி வைப்பதைக் காட்டிலும், கோபுரமே இல்லாத சிறு சந்நிதியில் நாள் தவறாமல் விளக்கு எரிவது மேல்.

அடுத்ததாக, உங்கள் கோயிலுக்கு நடக்கவிருப்பது எவ்வகைக் குடமுழுக்கு என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். புதிதாகக் கட்டிய கோயிலில் மூர்த்தியை முதன்முதலாகப் பிரதிஷ்டை செய்வது ஆவர்த்தம். பூசையின்றிப் பாழடைந்தோ, வெள்ளம் முதலியவற்றால் சிதைந்தோ போன கோயிலை மீண்டும் எழுப்பிச் செய்வது அனாவர்த்தம். பூசை நடந்துவரும் கோயிலில் பழுது நீக்கி, மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் மருந்து சாத்திச் செய்வது புனராவர்த்தம். திருட்டு போன்ற அசம்பாவிதங்களால் கோயிலின் தூய்மை கெட்டபோது செய்யும் பரிகாரம் அந்தரிதம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்களில் நடப்பது பெரும்பாலும் புனராவர்த்தமே என்பதால், இந்த வழிகாட்டி அதையே முதன்மையாகக் கொண்டு செல்கிறது. பெருமாள் கோயில்களில் இதனைச் சம்ப்ரோக்ஷணம் என்பார்கள். அங்கே வைகானசம், பாஞ்சராத்திரம் ஆகிய இரண்டு ஆகமங்களில் அந்தக் கோயிலுக்கு எது வழக்கமோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். சிவன், அம்மன், முருகன் கோயில்களில் காமிகம், காரணம் முதலிய சைவ ஆகமங்களின் வழியில் கிரியைகள் நடைபெறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அய்யனார், கருப்பர், முனீசுவரர் போன்ற காவல் தெய்வங்களின் கோயில்களுக்கும் ஊர்ப்புற அம்மன் கோயில்கள் பலவற்றுக்கும் தமக்கே உரிய புனிதமாக்கும் முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. மண் குதிரைகளைச் செய்து சூளையில் சுட்டு எடுத்துக் கொடுப்பவரும், அவற்றுக்குக் கண் திறப்பவரும் குயவரான வேளாரே. பல ஊர்களில் பூசாரியும் அவரே. அவ்வாறான கோயிலுக்கு ஹோமம் நடத்தும் பந்தலான யாகசாலை கட்டி, ஆகமக் கிரியைகளைக் கொண்டுவந்து, பழைய பூசாரியை வாசலில் நிறுத்திவைப்பதைச் சிறப்புச் செய்வதாக எண்ணுகிறார்கள். அது அந்தத் தெய்வத்தை அதன் சொந்த மக்களிடமிருந்து பிரிக்கும் வேலை. உங்கள் கோயிலின் வழக்கம் என்ன என்பதை வயதில் மூத்தவர்களிடமும் பரம்பரைப் பூசாரியிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதன்படியே நடத்துங்கள்.

அதே கண்டிப்போடு மற்றொன்றையும் சொல்கிறேன். ஊரில் ஏதேனும் ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் இன்னும் கோயிலுக்குள் வர இயலாமல் இருந்தால், அந்தக் கதவைத் திறக்கும்வரை குடமுழுக்குக்கு நாள் குறிக்காதீர்கள். 1947-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்துவிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் கூறு தீண்டாமையை ஒழித்துவிட்டது. சட்டத்தை விட்டுவிட்டாலும், ஊர் முழுவதும் சேர்ந்து கொடுக்க வேண்டிய வாக்கை ஊரின் ஒரு பகுதி மட்டும் கொடுத்தால் அது நிறைவு பெறாது. குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்க வேண்டும், வரி எல்லோரிடமும் வாங்க வேண்டும், மரியாதையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சைக் குடமுழுக்கு நாள் வரை இழுத்துக்கொண்டு போகாமல், தொடக்கத்திலேயே எழுத்தில் முடித்துவிடுவது நல்லது.

அனுமதிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்பட்டதாக இருந்தால், கோயில் சிற்ப, கட்டட வேலையில் வல்லவரான ஸ்தபதி தயாரித்த மதிப்பீட்டுடன் துறைக்கு விண்ணப்பித்து, வல்லுநர்களின் ஒப்புதல் கிடைத்த பின்னரே கல்லில் கை வைக்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அத்துறையின் அனுமதியும் தேவை. தனியார் அல்லது ஊர்ப் பொதுக் கோயிலாக இருந்தாலும் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மின்வாரியம் ஆகிய மூன்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

திருப்பணியின் முதல் கிரியை பாலாலயம். கருவறையில் வேலை நடக்கும்போது அங்கே பூசை நடத்த இயலாது என்பதால், மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, அதிலிருந்து அத்திப் பலகையில் வரைந்த திருவுருவத்துக்கு மாற்றி, தனியிடத்தில் வைத்து நாள்தோறும் பூசை செய்வார்கள். இந்தக் கலாகர்ஷணம் என்னும் கிரியை முழுச் சடங்கின் உள்ளர்த்தத்தையும் காட்டுகிறது. கல்லிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து பலகைக்கும், பின்னர் பலகையிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மீண்டும் கல்லுக்கும் தெய்வம் எழுந்தருளுகிறது. இடையில் ஒரு வேளைகூட அதற்குப் பூசை நிற்பதில்லை. இதனால்தான் திருப்பணியை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது. பாலாலயம் செய்துவிட்டுப் பணம் போதாமல் வேலை நின்றுபோன கோயில்கள் நாட்டில் குறைவல்ல. திரட்ட வேண்டிய தொகையில் பெரும்பகுதி கையில் வந்த பிறகே பாலாலயத்துக்குத் தேதி வாங்குங்கள்.

கட்டட வேலையில் கவனிக்க வேண்டியவற்றுள் தலையாயது, பழையதை அழிக்காமல் இருப்பது. சுவரிலும், அடித்தளத்தின் வரிகளான குமுதத்திலும் பட்டிகையிலும் உள்ள கல்வெட்டுகளை வேலை தொடங்கும் முன்பே படமெடுத்து, மாவட்டத்திலுள்ள தொல்லியல் அலுவலருக்குத் தெரிவியுங்கள். மணல்வீச்சு முறையில் கல்லைச் சுத்தம் செய்தால் கல்லின் மேற்பரப்பு தேய்ந்து எழுத்துகளும் சிற்பங்களின் நுணுக்கங்களும் போய்விடும். தண்ணீரும் நார்த் தூரிகையும் பொறுமையுமே போதும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய விமானத்தை, அதாவது கருவறைக்கு மேலுள்ள கோபுரத்தை, சிமெண்டால் ஒட்டுப்போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் சில ஆண்டுகளிலேயே விரிசல் விடும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது என்றாலும் தேடிப் பிடியுங்கள். கற்சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும், கருவறைக்குள் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். அவ்வாறு செய்த கருவறையில் சூடு தங்குகிறது, ஈரம் வெளியேற வழியில்லை, எண்ணெயும் பாலும் தரையில் வழுக்குகின்றன.

இனி மருந்துக்கு வருவோம். மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைத்து இரண்டையும் பிணைக்கும் கலவையே அஷ்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்ந்தது அது. இவற்றை அளவாகச் சேர்த்து, கல்லின்மேல் வைத்து, ஆட்கள் மாறி மாறிச் சம்மட்டியால் இடித்துக்கொண்டே இருப்பார்கள். இடிக்க இடிக்க மருந்து கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது சிறிது வெண்ணெய் தடவிப் புரட்டிப் போட்டு மீண்டும் இடிக்க வேண்டும். முதலில் உதிரி உதிரியாக இருந்தது பல மணி நேர இடிப்புக்குப் பிறகு பிசைந்த மாவுபோல் இளகி, விரல் வைத்தால் பதியும் பக்குவத்துக்கு வரும். அந்தப் பக்குவம் தவறினால் எல்லா உழைப்பும் வீண். இளகிய சூட்டிலேயே கயிறாகத் திரித்து, பீடத்தைச் சுற்றிலும் உள்ள இடைவெளியில் காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்திச் சாத்தி, மேற்புறத்தைப் பத்ம இதழ்களாக வகுத்துவிடுவார்கள். நாளடைவில் அது கல்போல் இறுகிவிடும். அபிஷேக நீர் பீடத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள யந்திரத்தகட்டையும் இரத்தினங்களையும் அரிக்காமல் காப்பது இந்த மருந்துதான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கும் இதன் ஆயுளை ஒட்டியே வந்தது என்பார்கள்.

மருந்து இடிப்பதில் ஊர்மக்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கச் சொல்வேன். ஸ்தபதியின் ஆட்கள் முன்னின்று செய்ய, விரும்புவோர் சில அடியாவது அடித்துவிட்டுப் போகலாம். ஆனால் சாதிலிங்கம் பாதரசம் சேர்ந்த பொருள். அதைச் சூடாக்கும்போது கிளம்பும் ஆவி நஞ்சு. மருந்தைக் காய்ச்சும் வேலையைக் காற்றோட்டமான வெளியிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் அருகே வரவிடாதீர்கள். ஆயத்தப் பொடி என்று கடையில் விற்பதை வாங்கிச் சாத்துவதைவிட, எட்டுப் பொருளையும் தனித்தனியாக வாங்கி ஸ்தபதியின் கண்முன் சேர்ப்பதே நம்பிக்கையானது.

யாகசாலைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது கோயிலின் வசதியோடு கூட்டத்தின் போக்குவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நடுவே கும்பங்களை வைக்கும் மேடையான வேதிகையும், சுற்றிலும் தீ வளர்க்கும் குண்டங்களும் அமையும். ஊர்க் கோயிலுக்கு ஒரே குண்டம் கொண்ட ஏக குண்டமோ, ஐந்து குண்டம் கொண்ட பஞ்சாக்கினியோ போதுமானது. ஒன்பது குண்டம் அமைத்தால் கிழக்கில் சதுரம், தென்கிழக்கில் யோனி, தெற்கில் பிறை, தென்மேற்கில் முக்கோணம், மேற்கில் வட்டம், வடமேற்கில் அறுகோணம், வடக்கில் தாமரை, வடகிழக்கில் எண்கோணம் என்று எட்டுத் திக்குக்கும் எட்டு வடிவங்கள் வரும். ஒன்பதாவதான பிரதான குண்டம் கிழக்குக்கும் வடகிழக்குக்கும் இடையே இருக்கும். குண்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டினால் சிவாச்சாரியார்களின் எண்ணிக்கையும் நெய்யும் சமித்தும் கூடும். பக்கத்து ஊரில் ஒன்பது குண்டம் வைத்தார்கள் என்பதற்காக நாமும் வைக்க வேண்டியதில்லை.

யாகசாலையின் கூரை பற்றி ஒரு குறையும் விடாமல் கவனமாக இருங்கள். 1997-ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து, நெரிசலும் சேர்ந்து, 40-க்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு, குண்டத்துக்கு நேர் மேலே கீற்றோ துணியோ வரவிடாமல் உயரமாகத் தகரம் போடுங்கள். புகை போக வழி வைத்து, நான்கு பக்கமும் வாசல் திறந்திருக்கச் செய்யுங்கள். மின்கம்பிகளையும் ஜெனரேட்டரையும் பந்தலிலிருந்து விலக்கி வையுங்கள். மணல் வாளிகளும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாணவேடிக்கையை அடியோடு விட்டுவிடுங்கள். தெய்வத்துக்காகக் கூடிய மக்களின் உயிரைக் காப்பதும் கிரியையின் ஒரு பகுதிதான்.

கிரியைகள் தொடங்கும்போது முதலில் இறைவனிடம் அனுமதி கேட்கும் அனுக்ஞை, பின்னர் கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து சாந்தி, தூய இடத்திலிருந்து மண்ணெடுக்கும் மிருத்சங்கிரஹணம், அந்த மண்ணைப் பாலிகை என்னும் சிறு மண்பாண்டங்களில் இட்டுத் தானியம் விதைக்கும் அங்குரார்ப்பணம், நடத்திவைக்கும் ஆச்சாரியருக்குக் காப்புக் கட்டும் இரட்சாபந்தனம் என்று வரிசையாக நடக்கும். காப்புக் கட்டியவர் குடமுழுக்கு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. இவற்றை நடத்தும் தலைமை ஆச்சாரியரைச் சர்வசாதகம் என்பார்கள். அவரைத் தேர்ந்தெடுப்பதில் பெயரையும் புகழையும் பார்க்காமல், உங்கள் கோயிலுக்கு உரிய ஆகமத்தில் தேர்ச்சி உள்ளவரா, சொன்ன நேரத்துக்கு வருபவரா என்று பாருங்கள். அவர் எழுதித் தரும் சாமான் பட்டியலை ஒரு மாதம் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

கும்பம் கட்டுவதை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பைக் குழுவினர் தவற விடக் கூடாது. குடத்தைக் கழுவித் துடைத்து, குங்கிலியப் புகை காட்டி, முப்புரியாக முறுக்கிய வெள்ளை நூலை அடியிலிருந்து கழுத்துவரை குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு கையால் குடத்தைச் சுழற்ற, மறு கையில் நூல் ஓடும். இழைகளுக்கு இடையே உள்ள கட்டங்கள் மீன்வலைபோல் ஒரே சீராக விழும். நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவார்கள். பின்னர் வடிகட்டிய தீர்த்தத்தை நிரப்பி, ஏலக்காய், கிராம்பு, சாதிக்காய், வெட்டிவேர், பச்சைக் கற்பூரம் சேர்த்து, பொன்னோ இரத்தினமோ இட்டு, வாயில் மாவிலைக் கொத்தும் தேங்காயும் தர்ப்பைக் கூர்ச்சமும் வைத்து, வஸ்திரம் சாத்தி, வாழையிலையில் பரப்பிய நெல், அரிசி, எள்ளின் மேல் அமர்த்துவார்கள். குடம் உடல், நூல் நாடி நரம்பு, நீர் குருதி, துணி தோல், தேங்காய் தலை என்று விளக்கம் சொல்வது மரபு. தெய்வம் தங்குவதற்கென்று ஒரு சரீரத்தையே கட்டித் தருகிறார்கள் என்ற எண்ணத்தோடு பார்த்தால், அந்த நூலிழையில் ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பது விளங்கும். ஆகவே கும்பம் கட்டும் இடத்தில் கைப்பேசிப் பேச்சும் சத்தமும் வேண்டாம்.

கும்பங்கள் யாகசாலைக்குள் எழுந்தருளியதும் யாக காலங்கள் தொடங்கும். சிறு கோயில்களுக்கு நான்கு காலம் போதும். காலையும் மாலையும் ஒவ்வொரு காலமாக இரண்டு மூன்று நாட்களில் முடியும். வேதபாராயணத்தோடு திருமுறைப் பாராயணமும் நடக்க வேண்டும், ஓதுவாருக்கு யாகசாலையிலேயே இடம் ஒதுக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5 அன்று நடந்த தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கைத் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நடத்துமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உங்கள் ஊரிலும் அவ்வாறே செய்தால், காதில் விழும் பதிகத்தின் பொருளை உணர்ந்து கைகூப்புவோர் பலர் இருப்பார்கள். முளைப்பாரி தூக்கும் பெண்களையும் நாதசுரக் கலைஞர்களையும் ஒலிபெருக்கியின் இரைச்சலில் மூழ்கடித்துவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் குடமுழுக்குக்கு முன்னதாக எண்ணெய்க்காப்புச் சாத்தும் வழக்கம் இருக்கிறது. சாதாரண நாட்களில் கருவறை வாசலுக்கு வெளியே நின்று வணங்கும் பக்தர்கள், அன்று மட்டும் வரிசையாகச் சென்று தம் கையாலேயே மூர்த்திக்கு எண்ணெய் சாத்துகிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும், முதியவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கோயிலின் மரபும் ஆச்சாரியரும் இடம் கொடுக்கும் ஊர்களில் இதைச் செய்து பார்க்கலாம். தொட்டு எண்ணெய் சாத்திய மூர்த்தி தம்முடையது என்ற உரிமை உணர்வு வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

இறுதிக் காலத்தில் நாடி சந்தானம் நடக்கும். யாகசாலையிலிருந்து மூலவர்வரை தர்ப்பைக் கயிறோ நூலோ கட்டி இரண்டையும் இணைப்பார்கள். அக்கினியில் எழுந்த ஆற்றல் அதன் வழியே மூர்த்தியைச் சேருகிறது என்பது கருத்து. கட்டிய கயிறு கூட்டத்தின் காலில் சிக்காமல் உயர்த்திக் கட்டி, காவலுக்கு ஓர் ஆளை நிறுத்துங்கள். தொடர்ந்து ஸ்பர்சாகுதி, பூர்ணாகுதி முடிந்து, கடம் புறப்பாடு. ஆச்சாரியர்கள் கும்பங்களைத் தலையில் சுமந்து, குடையும் மேளதாளமும் உடன்வரக் கோயிலை வலம் வந்து விமானத்தில் ஏறுவார்கள். சாரத்தின் பலகைகள் இரட்டையாக இருக்கட்டும், கைப்பிடிக் கம்பு கட்டாயம் இருக்கட்டும், ஏற வேண்டியவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதி, அவர்களைத் தவிர வேறு எவரையும், எத்தனை பெரிய நன்கொடையாளர் ஆனாலும், ஏற விடாதீர்கள். குறித்த முகூர்த்தத்தில் விமானக் கலசத்துக்கும் மூலவருக்கும் கும்பநீர் சேர வேண்டும் என்பதால் மேலிருப்பவர்க்கும் கருவறையில் இருப்பவர்க்கும் கொடியசைத்துச் சைகை காட்ட ஒருவரை நியமியுங்கள். இப்போது டிரோன் மூலம் கூட்டத்தின்மீது தீர்த்தம் தெளிப்பது பரவி வருகிறது. வரிசையில் நின்று ஒருவர் கையால் தெளிக்கப் பெறும் நீரே எனக்கு உவப்பானது. கூட்டம் மிகுந்த இடத்தில் அது இயலாமல் போனால், குழாய் வழியே தெளிப்பது பாதுகாப்பானது.

அன்னதானத்தில் ஒன்று மட்டும்: பந்தி எல்லோருக்கும் ஒன்றே. முக்கியஸ்தர்களுக்குத் தனிக்கூடம் வேண்டாம்.

குடமுழுக்கு முடிந்த அன்று மாலையே குழுவினர் ஓய்ந்துவிடுவதைப் பல ஊர்களில் காண்கிறோம். அன்றிலிருந்து 48 நாட்கள் மண்டலபூசை நாள்தோறும் நடந்தாக வேண்டும். புதிதாகச் சாத்திய மருந்து இறுகுவதற்கும், எழுந்தருளிய மூர்த்திக்கு நித்திய பூசை பழகுவதற்கும் உரிய காலம் இது. ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ ஏற்றுக்கொள்ளும்படி 48 நாளுக்கும் முறைப்பட்டியல் போட்டு, பாலாலயத்தின்போதே பெயர் வாங்கி வையுங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு விடுமுறை நாட்களை ஒதுக்குங்கள். நிறைவு நாளில் சங்காபிஷேகத்தோடு மண்டலாபிஷேகத்தை முடித்து, வரவு செலவுக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

அதே வாரத்தில் கோயிலுக்கென்று ஒரு பதிவேடு எழுதுங்கள். இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் தஞ்சை விமானத்தின் உச்சிக்குக் கொடுத்த செப்புக் குடத்தை எடையோடு கல்வெட்டில் பொறித்து வைத்ததால்தான் அந்த நாள் இன்றும் நமக்குத் தெரிகிறது. மருந்து சாத்திய நாள், சேர்த்த பொருள்களின் அளவு, ஸ்தபதியும் ஆச்சாரியரும் யார், கலசங்களின் உயரமும் எடையும், உள்ளே நிரப்பிய தானியம், பீடத்தின் அடியில் வைத்தவை, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், நித்திய பூசைக்கான வைப்புத் தொகையின் விவரம் ஆகிய அனைத்தையும் எழுதி, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை ஊர்ப் பொதுவிலும் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நட்சத்திரத்தில் வரும் வருஷாபிஷேகத்துக்கான பொறுப்பாளர்களின் பெயரையும் அதன் கடைசிப் பக்கத்தில் இப்போதே குறித்துவிடுங்கள்.